நொட்டாங்கைக்கு ஒரு மடக்குக் கத்தி

பத்து வருடமாக ஆசைப்பட்ட கத்தி கைக்கு வந்து சேர்ந்த அன்று, அதை எனக்குத் திறக்கத் தெரியவில்லை.

சிவப்புப் பிடி, அதில் வெள்ளைச் சிலுவை, மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம். எல்லாரும் எங்காவது பார்த்திருக்கக்கூடிய அதே விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்திதான். ஆனால் இது இடது கைக்காரர்களுக்கென்றே செய்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் நண்பன் தேடிப் பிடித்து, லீவுக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். டீயைக்கூடக் குடிக்காமல் "திற பாப்போம்" என்றான்.

பழக்கத்தில் கத்தியை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரல் நகத்தால் தடவினேன். நகம் வழுக்கியது. பிளேடில் நகம் வைக்க ஒரு பிறைப் பள்ளம் இருக்குமே, அது அந்தப் பக்கம் இல்லை. கத்தியைத் திருப்பிப் பிடித்தேன். பள்ளம் கிடைத்தது, ஆனால் பிளேடு சுழலும் ஆணி இப்போது இடது பக்கம், என் உள்ளங்கைக்குள். பிளேடு என் கையை நோக்கியே எழும்பி வந்தது. பயந்து விட்டுவிட்டேன். "இடது கைக்காரனுக்குச் செஞ்ச கத்திய இடது கைக்காரனுக்கே திறக்கத் தெரியலையா?" என்று அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சிரித்தது நியாயம்தான். ஆனால் ஏன் அப்படி ஆயிற்று என்று யோசிக்கப் போய், மடக்குக் கத்தியில் கைக்குக் கை என்னென்ன மாறுகிறது, எது உண்மையிலேயே தொந்தரவு, எது வெறும் பழக்கம் என்று எனக்கு ஓரளவு பிடிபட்டது. அதைத்தான் எழுதுகிறேன். கத்தி சேர்க்கிற நிபுணன் இல்லை நான். இருபது வருடமாக ஏதாவது ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, பார்சல் பிரித்து, மாங்காய் நறுக்கி, கயிறு அறுத்துத் திரிகிறவன், அவ்வளவுதான்.

முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சாப்பிடுவது வலது கையால். எழுதுவதும் வலது கையால். இரண்டும் அடித்து மாற்றியது. ஒன்றை வீட்டில், மற்றொன்றைப் பள்ளிக்கூடத்தில். "சோத்தாங்கையில வாங்குடா" என்பது என் காதில் விழுந்த முதல் பத்து வாக்கியங்களில் ஒன்றாக இருக்கும். பீச்சாங்கை, நொட்டாங்கை, ஒரட்டாங்கை என்று ஊருக்கு ஊர் பெயர் வைத்திருக்கிறோம். எந்த ஊரிலும் அது மரியாதையான பெயர் இல்லை. பந்து எறிவது, சுத்தியல் அடிப்பது, கத்தி பிடிப்பது மட்டும் யார் கண்ணிலும் படாமல் இடது கையிலேயே தங்கிவிட்டன. நம் ஊரில் என் வயது இடது கைக்காரர்கள் பலர் இப்படி ஒட்டுப்போட்ட ஆட்கள்தான். இது பின்னால் முக்கியமாகப்படும்.

அப்பா வயர்மேன். அவர் சட்டைப் பையில் இரண்டு பிளேடு வைத்த ஒரு பேனாக்கத்தி எப்போதும் இருக்கும். ஒயர் தோலை உரிக்க, இன்சுலேஷன் டேப்பை வெட்ட, மத்தியானம் வெள்ளரிக்காய் நறுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அவர் திறப்பதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். கத்தியை இடது கையில் படுக்கையாகப் பிடிப்பார். வலது கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைத்து இழுப்பார். பிளேடு வலது பக்கமாக எழும்பி, 'டக்' என்று நிற்கும். அப்புறம் கத்தியை வலது கைக்கு மாற்றிக்கொள்வார்.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். திறந்து முடிக்கும்போது பிடி இருப்பது இடது கையில். வலது கைக்காரர் அதை மாற்றியே ஆகவேண்டும். நான் மாற்ற வேண்டியதில்லை. அப்பா மாதிரியே திறந்து, அப்படியே வெட்டத் தொடங்கிவிடுவேன். வலது கைக்காரர்களுக்காகச் செய்த கத்தி, திறக்கும் விஷயத்தில் மட்டும், எனக்கு ஒரு வேலையை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது. இதைச் சின்ன வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பாவைவிட நான் வேகமாகக் கத்தி திறக்கிறேன் என்று ஒரு பெருமை மட்டும் இருந்தது.

இடது கைக் கத்தி இதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப்போடுகிறது. பள்ளம் பிளேடின் மறுபக்கம். வலது கையில் பிடித்து, இடது நகத்தால் இழுத்து, அப்புறம் இடது கைக்கு மாற்ற வேண்டும். வலது கைக்காரருக்குச் சாதாரணக் கத்தியில் என்ன வேலையோ அதே வேலை, கை மட்டும் மாறி. தத்துவப்படி நியாயம். இடது கையில்தான் நகமும் விரலும் பலமாக இருக்கும், பலமான கையால்தான் ஸ்பிரிங்கை எதிர்த்து இழுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. என் விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பு. முப்பது வருடமாகக் கத்தி திறந்து என் வலது கட்டைவிரல் நகம்தான் அதற்குப் பழகியிருக்கிறது.

அப்படியானால் அந்தக் கத்தியால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையா? இருக்கிறது, பிளேடில் இல்லை. அதன் முதுகில் மடங்கிக் கிடக்கும் கார்க் திருகில்.

சாதாரண சுவிஸ் கத்தியில் இருக்கும் கார்க் திருகு, கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் உள்ளே இறங்கும். இதில் என்ன கை வந்தது என்று தோன்றும். முழங்கையை மடக்கி, கதவுக் கைப்பிடியைத் திருகுவது மாதிரி ஒரு தடவை இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள். உள்ளங்கை மேலே வரும்படி திருப்பும் திசையில்தான் அதிக பலம் வரும். காரணம், புஜத்தில் புடைத்து நிற்கிறதே அந்தத் தசை. பைசெப்ஸ் என்றால் கையை மடக்கும் தசை என்று மட்டும் நினைக்கிறோம். முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புவதும் அதன் வேலை. வலது கைக்கு அந்தத் திசை கடிகாரத் திசை. இடது கைக்கு நேர் எதிர். ஆகவே உலகத்தில் உள்ள பெரும்பாலான திருகாணிகள் வலது புஜத்தின் சௌகரியத்தோடு ஒத்துப்போகின்றன. ஸ்க்ரூவை முடுக்கும்போது வலது கைக்காரருக்குப் பலம் கூடுகிறது, எனக்குக் கழற்றும்போது கூடுகிறது. துருப்பிடித்த ஸ்க்ரூவைக் கழற்ற அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். அவருக்குக் காரணம் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. "இவன் கைக்கு வந்துடும்" என்பார்.

இடது கைக் கத்தியில் கார்க் திருகின் சுருள் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. இடது கையால் இயல்பாகத் திருகினால் உள்ளே இறங்குகிறது. நான் வைன் பாட்டில் திறக்கிற ஆள் இல்லை. மழையில் இறுகிப்போன நைலான் முடிச்சுக்குள் முனையை விட்டு நெம்பித் தளர்த்துவதற்கு அது மாதிரி வேறு கருவி கிடையாது. முடிச்சில் நெம்பும்போதும் கை கொஞ்சம் திருகத்தான் செய்யும். முதல் தடவை அது என் கையோடு சேர்ந்து திரும்பியபோது ஏற்பட்ட உணர்ச்சியை எப்படிச் சொல்ல? நீண்ட பயணத்தில் ஜன்னலோர சீட் கிடைத்த மாதிரி. இந்த ஒன்றுக்காக மட்டுமே அந்தக் கத்தியை நான் மன்னித்தேன்.

அந்தக் கத்திக்குப் பின்னால் இருக்கும் கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கார்ல் எல்சனர் என்பவர் 1884-இல் ஸ்விட்சர்லாந்தின் ஷ்விஸ் மாநிலத்தில், இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் சிப்பாய்க் கத்திகள் போயின. அதில் கார்க் திருகு கிடையாது. 1897-இல் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தியில்தான் அது வந்தது. நாம் இன்று சுவிஸ் கத்தி என்று சொல்வது அதன் வாரிசு. சிப்பாய்க்கு ரைபிளைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர், அதிகாரிக்கு பாட்டிலைத் திறக்கத் திருகு என்று அந்தக் காலத்திலேயே பிரித்துவிட்டார்கள். இடது கைச் சிப்பாயைப் பற்றி யார் யோசித்திருக்கப் போகிறார்கள்.

பேனாக்கத்தி என்ற பெயரிலேயே ஒரு கை ஒளிந்திருக்கிறது. இறகுப் பேனா சீவிய சின்னக் கத்திதான் பேனாக்கத்தி. வாத்தின் இடது சிறகிலிருந்து எடுத்த இறகு வலது கைக்காரருக்கு உகந்தது என்பார்கள். அதன் வளைவு எழுதுகிறவர் கண்ணை மறைக்காமல் வெளிப்பக்கமாகப் போகும். இடது கைக்காரருக்கு வலது சிறகு. வாத்துக்கு இரண்டு சிறகும் சமமாக இருந்ததால் அந்தக் காலத்து இடது கைக்காரருக்குப் பொருள் தட்டுப்பாடு இருந்திருக்காது. தொழிற்சாலை வந்த பிறகுதான் எல்லாச் சிறகும் ஒரே பக்கம் முளைக்கத் தொடங்கின.

சரி, நகப் பள்ளத்தோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஒற்றைக் கையால் திறக்கும் கத்திகள் வந்த பிறகுதான் கைப் பிரச்சினை உண்மையிலேயே பிரச்சினை ஆயிற்று.

அமெரிக்காவில் ஸ்பைடர்கோ என்ற கம்பெனி 1981-இல் ஒரு மடக்குக் கத்தி வெளியிட்டது. பிளேடில் வட்டமாக ஒரு ஓட்டை, பிடியில் பையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். ஓட்டையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் பிளேடு திறந்துவிடும். மற்றொரு கை வேண்டாம். பார்க்கச் சாதாரண யோசனை, ஆனால் இடது கைக்காரனுக்குப் பெரிய உபகாரம். ஓட்டைக்கு இடப்பக்கம் வலப்பக்கம் கிடையாது. இந்தப் பக்கமிருந்தும் விரல் போகும், அந்தப் பக்கமிருந்தும் போகும். வேறு கம்பெனிகள் ஓட்டைக்குப் பதிலாகச் சின்னக் குமிழ் வைத்தன. செலவு குறைந்த கத்திகளில் அந்தக் குமிழ் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம்.

திறப்பது இப்படித் தீர்ந்தது. மூடுவதில்தான் ரத்தம் வந்தது.

பெரிய மடக்குக் கத்திகளில், வெட்டும்போது பிளேடு விரலில் மடங்கிவிடாமல் இருக்க ஒரு லாக் இருக்கும். மிகச் சாதாரணமாகக் கிடைப்பது லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டில் ஒரு பகுதியை நாக்கு மாதிரி வெட்டி, உள்பக்கமாக வளைத்து விட்டிருப்பார்கள். பிளேடு முழுக்கத் திறந்ததும் அந்த நாக்கு துள்ளி வந்து பிளேடின் அடிக்கு முட்டுக்கொடுக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க எலக்ட்ரீஷியன் கத்திகளில் ஸ்க்ரூ டிரைவர் மடங்காமல் இருக்க இப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அப்பா கையில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் கும்பிட்டிருப்பார். 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கத்தி செய்பவர் அதை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் உலகம் முழுக்க லைனர் லாக்தான்.

கூர்ப்பக்கம் கீழே, முனை முன்னால் இருக்கும்படி வலது கையில் பிடித்தால், நாக்கு இருப்பது வலப்பக்கத் தகட்டில். கட்டைவிரல் இருப்பது இடப்பக்கம். கட்டைவிரல் எட்டி, நாக்கைத் தன்னைவிட்டு விலகும்படி தள்ளினால் போதும். கட்டைவிரலுக்கு இயல்பான வேலை அது, லிஃப்ட் பட்டனை அமுக்குவது மாதிரி. அதே கத்தியை இடது கையில் எடுங்கள். கட்டைவிரல் இப்போது நாக்கு இருக்கும் பக்கமே வந்து நிற்கிறது. தள்ள வழியில்லை. நகத்தால் கொக்கி போட்டுத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். இல்லையென்றால் ஆட்காட்டி விரலை எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே விட்டுத் தள்ள வேண்டும். எனக்கு வந்தது இரண்டாவது வழி. விரலை விடுகிற அந்த இடுக்குதான் பிளேடு வந்து உட்காரப்போகும் இடமும். வலது கைக்காரரின் கட்டைவிரலும் அங்கேதான் நுழைகிறது, ஆனால் அதை நொடியில் விலக்கிவிடலாம். கொக்கி மாதிரி வளைந்து மாட்டிய ஆட்காட்டி விரலை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது.

ஒரு சாயங்காலம், தென்னை மட்டையில் கயிறு அறுத்துவிட்டுக் கத்தியை மூடினேன். விரல் உள்ளே இருந்தது. நான்கு தையல். டாக்டர் விசாரித்த முதல் கேள்வி, "இடது கை விரல்தானே, பரவாயில்ல. வலது கை நல்லாத்தான் இருக்கு இல்ல?" என்பது.

அந்தக் கத்தி மலிவானது, பெயர் சொல்லத் தேவையில்லை. மலிவு என்பதால் வெட்டவில்லை. எவ்வளவு விலைக் கத்தியானாலும் நாக்கு வலப்பக்கம்தான். இன்னொரு பயமும் உண்டு. கட்டைவிரல் எட்டுவதற்காக இடப்பக்கப் பிடியில் கொஞ்சம் வெட்டி எடுத்திருப்பார்கள். இடது கையில் இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கைச் சதை, ஆட்காட்டி விரலின் அடிப்பகுதி எல்லாம் அந்தப் பள்ளத்தின் மேல்தான் வந்து அழுந்துகின்றன. பலமாக அழுத்தி வெட்டும்போது நாக்கு நகர்ந்துவிடுமோ என்று மனதில் ஒரு ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கத்தியால் நிம்மதியாக ஒரு பாகற்காய்கூட நறுக்க முடியாது.

இதற்குத் தீர்வாகச் சில கம்பெனிகள் முழுக் கத்தியையும் கண்ணாடிப் பிம்பமாகச் செய்து தருகின்றன. கிறிஸ் ரீவ் என்ற தென்னாப்பிரிக்கர், லைனருக்குப் பதிலாகப் பிடியின் கனத்த டைட்டானியம் தகட்டையே நாக்காக வெட்டிய கத்தி ஒன்றைச் செய்தார். பெயர் செபன்ஸா. ஜூலு மொழியில் வேலை என்று அர்த்தம். அமெரிக்காவுக்குக் குடிபோய் அவர் தொடங்கிய கம்பெனி அதை இடது கைக்கும் செய்து விற்கிறது. ஸ்பைடர்கோ தன் பாரா மிலிட்டரி 2 கத்தியை லாக், கிளிப் எல்லாம் திருப்பிப்போட்டு இடது கை வடிவில் கொண்டுவந்திருக்கிறது. நண்பர் ஒருவரிடம் இடது கை செபன்ஸா இருந்தது. வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரலைத் தள்ளியதும் லாக் விலகியது. அவ்வளவுதான். விரலைக் கொக்கி போடவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. வலது கைக்காரர்கள் எல்லாரும் இத்தனை வருடம் இப்படித்தான் கத்தி மூடிக்கொண்டிருந்தார்களா என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. விலையைக் கேட்டதும் கோபம் திசை மாறிவிட்டது.

இப்போது முரண்பாட்டைப் பாருங்கள். சுவிஸ் கத்தியின் கண்ணாடிப் பிம்பம் எனக்கு உதவவில்லை, செபன்ஸாவின் கண்ணாடிப் பிம்பம் உதவியது. இரண்டு கையால் திறப்பது கற்றுக்கொண்ட பழக்கம். எந்தப் பக்கம் கற்றாலும் கை அதற்கு ஒத்துக்கொள்ளும். கட்டைவிரல் எந்தப் பக்கம் முளைத்திருக்கிறது என்பது பழக்கம் இல்லை. அதை எந்த வாத்தியாராலும் அடித்து மாற்ற முடியாது. இடது கைக் கத்தி வேண்டும் என்று தேடுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நகப் பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பணத்தை இறைக்க வேண்டாம். லாக் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

இன்னும் சொல்லப்போனால், பக்கமே இல்லாத லாக்கைப் பாருங்கள். என் பையில் இன்று இருப்பது அப்படி ஒன்றுதான். பிடியின் குறுக்கே ஒரு சின்ன எஃகுக் கம்பி, இரண்டு பக்கமும் முனை வெளியே தெரியும். உள்ளே பக்கத்துக்கொன்றாக இரண்டு மெல்லிய கம்பி ஸ்பிரிங்குகள் அதை முன்னால் தள்ளி, பிளேடின் அடிக்கு மேல் ஏற்றி வைத்திருக்கும். கம்பியைப் பின்னால் இழுத்தால் பிளேடு தளர்ந்துவிடும். எந்தக் கையாக இருந்தாலும் அசைவு ஒன்றே, விரல் பிளேடின் வழியில் போகவே வேண்டாம். பில் மெக்ஹென்றி, ஜேசன் வில்லியம்ஸ் என்ற இருவர் உருவாக்கியது. பெஞ்ச்மேட் கம்பெனி 1998-இல் ஆக்ஸிஸ் லாக் என்ற பெயரில் தன் 710 கத்தியில் கொண்டுவந்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் மற்றவர்களும் அதே அமைப்பை வேறு வேறு பெயரில் செய்கிறார்கள், அதனால் இப்போது குறைந்த விலையிலும் கிடைக்கிறது. ஸ்பிரிங் மெல்லியது, என்றைக்காவது ஒடியும் என்று குறை சொல்வார்கள். உண்மைதான். ஒன்று ஒடிந்தாலும் இன்னொன்று இருக்கும் என்பதால் நான் கவலைப்படுவதில்லை.

இதைவிடப் பழைய பேக் லாக்கும் கைப் பேதம் பார்ப்பதில்லை. பிடியின் முதுகில் பின்பக்கம் அமுக்கினால் லாக் எழும்பும். 1964-இல் வந்த பக் 110 இதைப் பிரபலமாக்கியது. கனமான கத்தி, பித்தளையும் மரமும். பையில் போட்டால் கால்சட்டை இறங்கும். முதுகு என்பது நடுவில் இருப்பதால் இடதுக்கும் வலதுக்கும் சமம். புதுமை எதுவும் இல்லாத பழைய அமைப்பு, யாரையும் ஒதுக்காமல் வேலை செய்கிறது.

பிரான்ஸின் ஒபினெல்லைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1890-இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி. 1955-இல் மார்செல் ஒபினெல் அதன் கழுத்தில் சுழலும் ஒரு வளையத்தை மாட்டினார், அதைத் திருப்பினால் பிளேடு பூட்டிக்கொள்ளும். எட்டாம் நம்பர் கத்தியை இடது கைக்கு, நகப் பள்ளத்தை மறுபக்கம் வைத்து அவர்களே விற்கிறார்கள். மேலே சொன்ன காரணத்தால் நான் வாங்கியது சாதாரண எட்டாம் நம்பர்தான். அதில் என் தொந்தரவு வேறு. ஐப்பசி மழை தொடங்கினால் மரப்பிடி ஈரத்தில் உப்பி, பிளேடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகம் உடைந்தாலும் வராது. அதற்கு சவோய்க்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிடியின் பின்முனையை மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால், பிளேடு கொஞ்சம் வெளியே தலைகாட்டும். பிடித்து இழுத்துக்கொள்ளலாம். நகமும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம்.

கிளிப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஸ்க்ரூ ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் இடது பையில் மாட்டும்போது கத்தி தலைகீழாகவோ, முதுகு தப்பான பக்கமோ போய் நிற்கும். கம்பெனிப் பெயரைப் பொறிப்பதும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான். என் கையில் இருக்கும்போது அது பெரும்பாலும் என் எதிரில் இருப்பவருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரிவதில்லை. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கூர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். சாதாரண மடக்குக் கத்தியில் பிளேடின் இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டியிருப்பதால் கை வித்தியாசம் இல்லை. ரம்பப் பல் வைத்த பிளேடில் பல்லை ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் சப்பை. சரிவு தள்ள, கத்தி சப்பைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ரொட்டி அறுத்தால் துண்டு மேலே தடித்து, கீழே மெலிந்து, ஆப்பு மாதிரி வரும். கை சரியில்லை என்று வீட்டில் பேச்சு விழும். அமெரிக்காவில் சில கத்திகளின் பிளேடையே உளி மாதிரி ஒரே பக்கம் தீட்டுகிறார்கள். அந்தச் சரிவைப் பல கத்திகளில் இடப்பக்கம், அதாவது போட்டோவில் தெரியும் பக்கம் வைத்திருக்கிறார்கள். வலது கைக்காரர்கள் இதைத் தப்பு என்று புலம்புவார்கள். அந்தப் புலம்பலைக் கேட்க எனக்கு அலுப்பதே இல்லை.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் பெரியம்மா ஞாபகம் வரும். அவரும் நொட்டாங்கை. கதிர் அறுக்கும் பன்னரிவாளிலும் பல் ஒரு முகத்தில்தான் இருக்கும். இடது கையால் பயிரைச் சேர்த்துப் பிடித்து வலது கையால் அறுப்பவருக்காகச் செய்தது. வரிசையில் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்து அறுத்துக்கொண்டு போகும்போது பெரியம்மா மட்டும் எதிர்ப்பக்கம் சாய்வார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு இடிக்கும் என்று வரிசையின் கடைசி ஓரம்தான் அவருக்கு. ஒரு வருஷம் கொல்லுப்பட்டறைக்குப் போய், "பல்ல இந்தப் பக்கம் வெட்டிக் குடுப்பா" என்று கேட்டிருக்கிறார். கொல்லர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. எப்படி அறுப்பீர்கள் என்று கையை ஆட்டிக் காட்டச் சொல்லி, பார்த்துவிட்டு, மறுமுகத்தில் பல் வெட்டிக் கொடுத்தார். கூடுதல் காசு கேட்கவில்லை. அந்த அரிவாளை வீட்டில் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். பெரியம்மாவுக்கு அதில் பாதி சந்தோஷம்.

தொழிற்சாலைக்கு அப்படிக் கையை ஆட்டிக் காட்ட முடியாது. பத்தில் ஒருவர் இடது கைக்காரர் என்பார்கள். அந்த ஒருவரிலும் மடக்குக் கத்தி வாங்குபவர், அதிலும் கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர் என்று கழித்துக்கொண்டே போனால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? பள்ளத்தை மறுபக்கம் போட வேண்டுமானால் பிளேடையே தனியாகச் செய்ய வேண்டும், லாக்கைத் திருப்பினால் பிடித் தகடு இரண்டையும் தனியாக வெட்ட வேண்டும். அவர்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. புரிவதால்தான் இரண்டு கைக்கும் பொதுவான லாக் செய்தவர்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம். அவர்கள் எனக்கென்று தனியாக ஒன்றும் செய்யவில்லை, என்னை மறக்காமல் இருந்தார்கள்.

சுவிஸ் கத்தி மேஜை டிராயரில் கிடந்தது. முடிச்சு அவிழ்க்க மட்டும் வெளியே வரும். போன மே மாதம் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இடது கைதான், எழுதுவது உட்பட. இந்தத் தலைமுறையில் யாரும் அவளை அடிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் மட்டும் அம்மா இன்னும் விடுவதில்லை, அதில் பேத்தி என்ற சலுகையெல்லாம் கிடையாது. கொல்லையில் பறித்த கொய்யாவை வைத்துக்கொண்டு "மாமா, கத்தி இருக்கா?" என்றாள். டிராயரைத் திறந்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே எடுத்துவிட்டாள். வலது கையில் பிடித்தாள், இடது நகத்தை வைத்தாள், இழுத்தாள். டக். இடது கைக்கு மாற்றிக் கொய்யாவை நான்காகப் பிளந்தாள். அவள் அதற்கு முன் மடக்குக் கத்தியைத் தொட்டதில்லை.

கூர்ப்பக்கம் தன்னைப் பார்க்காமல் எப்படி மடக்குவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளை வந்து, "குடு, நான் சின்னதா நறுக்கித் தர்றேன்" என்று மூடிய கத்தியை வாங்கினார். இடது கையில் பிடித்து வலது நகத்தால் தடவினார். வழுக்கியது. இன்னொரு தடவை. திருப்பிப் பார்த்தார், பிளேடு அவர் கையை நோக்கியே எழும்பியது, விட்டுவிட்டார்.

"என்ன மச்சான், டூப்ளிகேட்டா இது?"

"குடுங்கப்பா" என்று அவள் வாங்கித் திறந்தாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் திறந்த கத்தியை, இடது கையாலேயே, அப்பாவின் முன் தரையில் வைத்தாள்.